பொலேரோ பிக்கப்பைக் கொடுத்துவிட்டுக் குட்டி யானைக்கு மாறலாமா?

உங்கள் கேள்வியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஐந்து ஆண்டு ஓடிய பொலேரோ பிக்கப் உங்களிடம் இருக்கிறது, தவணையும் முடிந்துவிட்டது. பெரும்பாலான நாட்களில் பாடியில் பாதி காலியாகவே ஓடுகிறது. அதைக் கொடுத்துவிட்டுக் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், வாங்கினால் ‘தொழில் நொடித்துப் போய்விட்டது’ என்று ஊரில் பேசுவார்களே என்று தயங்குகிறீர்கள். முதல் இரண்டை மட்டும் கேட்டிருந்தால் நான் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். மூன்றாவதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நான் அதே மாற்றத்தைச் செய்தவன், அந்தப் பேச்சையும் கேட்டவன்.

சரக்கு என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நாள்தோறும் போய் வருவதாக எழுதியிருப்பதால் காய்கறி என்றே எடுத்துக்கொள்கிறேன். என் தொழில் வாழையிலை. சோழவந்தானை ஒட்டிய தோட்டங்களில் இலை அறுத்துக் கட்டி, மேலக்கால் ரோடு வழியாக மதுரைக்குக் கொண்டுவந்து, மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொடுக்கிறேன். நான் எந்த வண்டி நிறுவனத்தின் ஆளும் அல்லன், இரண்டு வண்டிகளும் தத்தம் வேலைக்கு நல்ல வண்டிகள் என்பதே என் எண்ணம். ‘குட்டி யானையில் ஒன்றரை டன் ஏற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று இதற்குக் கீழே யாராவது எழுதக்கூடும். ஆகும் நாள் வரை எனக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றானபோது இலைத் தொழில் ஒரே வாரத்தில் நின்றுவிட்டது. பொலேரோவுக்கு இன்னும் பதினொரு தவணைகள் பாக்கி இருந்தன. தவணையை ஒத்திப்போட வழி இருந்தது என்றாலும், ஒத்திப்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஏறுகிறது என்று அறிந்தபோது எனக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு ஆவணியில் வந்த விலைக்கு வண்டியைக் கொடுத்து, கடனை அடைத்துவிட்டு, மிச்சமிருந்த பணத்தில் 2018 மாடல் டாடா ஏஸ் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். மாறியது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. மாறிய நேரம் தவறு. எல்லோரும் விற்கிற நேரத்தில் விற்றேன், அதனால் விலையும் போயிற்று, பேச்சும் வந்தது.

அந்தப் பேச்சைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ‘ஊர் ஆயிரம் பேசும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்’ என்று சொல்கிறவர்கள் கடனுக்குச் சரக்கு எடுத்து வியாபாரம் செய்யாதவர்கள். ஒரு காதுகுத்து வீட்டில் என் தாய்மாமா பத்துப் பேர் முன்னிலையில், “வண்டியையும் வித்தாச்சா மாப்ள?” என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே மாதத்தில், எட்டு ஆண்டுகளாக வாரக் கடனுக்கு இலை கொடுத்துவந்த தோட்டக்காரர்கள் இருவர், இனிமேல் கையில் காசு கொடுத்தால்தான் அறுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒருவருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை. பெரிய வண்டி வாசலில் நின்றபோது இருந்த நம்பிக்கை, சின்ன வண்டி நின்றபோது குறைந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். அந்த ஆறு மாதங்கள் முதலுக்காக நகையை அடகு வைத்தேன், அந்த வட்டியையும் வண்டி மாற்றிய செலவில்தான் சேர்க்க வேண்டும். ஆகவே உங்கள் தயக்கம் வீண் கௌரவம் அல்ல. நீங்கள் மாறுவதாக இருந்தால், வண்டி கைமாறும் முன்பே உங்களுக்குக் கடன் தருகிற ஒவ்வொருவரிடமும் நேரில் போய், ஏன் மாற்றுகிறீர்கள் என்று கணக்கோடு சொல்லிவிடுங்கள். அவர்கள் அதைத் தெருவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். நான் சொல்லாமல் விட்டேன்.

இனி வண்டிக்கு வருகிறேன். ஏஸ் 2005-இல் வந்தபோதே முக்கால் டன் வண்டியாகத்தான் வந்தது. என்னுடையதிலும் 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், ஏற்றக்கூடிய எடை 750 கிலோ அளவு, பாடியின் நீளம் ஏறத்தாழ ஏழே கால் அடி. பொலேரோ பிக்கப்பில் 2,523 சிசி, நான்கு சிலிண்டர். மாடலுக்குத் தக்கபடி 1,300 முதல் 1,700 கிலோ வரை தாங்கும். எடையைப் பார்த்துத்தான் எல்லோரும் முடிவெடுக்கிறார்கள், நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆனால் என் தொழிலில் முதலில் இடித்தது எடை அல்ல, நீளம். மண்டப வாசலில் கட்டுவதற்குக் குலை தள்ளிய வாழை மரம் இரண்டு கேட்பார்கள். பொலேரோவில் சாய்த்து வைத்தால் அடங்கிய மரம், ஏஸில் பின்பக்கம் நான்கடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேடு பள்ளத்தில் குலை அடிபட்டுக் காய் உதிரும். வாசலில் அடிபட்ட குலையை எந்தப் பெண் வீட்டாரும் ஏற்க மாட்டார்கள். உங்கள் சரக்கு தக்காளிப் பெட்டியாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, முட்டைக்கோஸ் மூட்டையாகவோ கீரைக்கட்டாகவோ இருந்தால் எடை ஏறும் முன்பே இடம் நிறைந்துவிடும்.

2022 வைகாசியில் ஒரு முகூர்த்தம். இலைக்கட்டு, வாழைத்தார், வாசல் மரம் எல்லாம் சேர்ந்து 1,200 கிலோவுக்குக் குறையாது. இரண்டு நடை அடிக்க நேரம் இல்லை, வாடகைக்குப் பெரிய வண்டி பிடித்தால் லாபம் போகிறது என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். அதிகாலை இரண்டரை மணிக்குக் கோச்சடைக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்பக்க இடது ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வண்டியில் குறை இல்லை, தாங்கும் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றிய என் மேல்தான் குறை. ஊரிலிருந்து பிக்கப் வைத்திருக்கும் ஒருவரை எழுப்பி வரவழைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் சரக்கை மாற்றினோம். இருட்டில் இழுத்ததில் நுனி இலைக் கட்டுகள் பல கிழிந்தன. நான் மண்டபத்தை அடைந்தபோது மணி ஏழு இருபது. முதல் பந்தி காகித இலையில் நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேசிய தொகையை முழுதாகக் கையில் கொடுத்து, “பரவாயில்லப்பா, போயிட்டு வா” என்றார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்தோ அவர்கள் உறவிலிருந்தோ எனக்கு ஓர் ஆர்டர்கூட வரவில்லை. மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் காகித இலை விழுந்தது என்றால் அது எத்தனை வருடம் பேசப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் ஒவ்வொரு நடையின் எடையையும் எழுதத் தொடங்கினேன், வண்டியை மாற்றும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். நூறு நடை முடிந்தபோது 81 நடைகள் 700 கிலோவுக்குள் இருந்தன. மீதி 19-இல் பன்னிரண்டை இரண்டு நடையாகப் பிரித்திருக்க முடியும். ஏழு மட்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தாக வேண்டிய முகூர்த்தச் சரக்கு.

டீசல் மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்வதை இந்த நோட்டோடு வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு நடை சுற்றி வர 60 கிலோமீட்டர். பொலேரோ லிட்டருக்கு 13 கொடுத்தது, ஏஸ் 20 கொடுக்கிறது. ஆகவே ஒரு நடை ஓடும் நாளில் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 150 ரூபாய் மிச்சம். பொலேரோவில் ஒரே நடையில் போயிருக்கும் சரக்குக்கு ஏஸில் இரண்டு நடை ஓடும் நாளில் அதே அளவுக்குச் சற்றுக் குறைவாக நட்டம். இரண்டு நாளைக்கு ஒரு முறை இரண்டு நடை ஓட வேண்டிய தொழிலாக இருந்தால் டீசல் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு மாதம் 2,700 ரூபாய் அளவில் மிஞ்சுகிறது. ஆனால் மாதத்தில் இரண்டு முகூர்த்தங்களுக்குப் பிக்கப் வாடகையாக நடைக்கு 1,800 வீதம் 3,600 போய்விடுகிறது.

பிறகு எங்கே லாபம் என்று கேட்பீர்கள். தெருவில்தான். என் வாடிக்கை மெஸ்களில் பாதி வடக்கு மாசி வீதியிலிருந்தும் சிம்மக்கல்லிலிருந்தும் பிரியும் சந்துகளில் இருக்கின்றன. பொலேரோவைப் பெரிய தெருவில் நிறுத்தி, கட்டுகளைத் தலைச்சுமையாக அனுப்புவேன். லோடுமேனுக்கு நாளுக்கு 250 ரூபாய், நிறுத்திய இடத்தில் வசவு வேறு. ஏஸ் பொலேரோவைவிட ஏறத்தாழ ஒரு சாண் அகலம் குறைவு, நீளத்தில் ஒரு மீட்டர் அளவு குறைவு, திரும்புவதற்கு 4.3 மீட்டர் ஆரம் போதும். சந்துக்குள் போய்க் கடை வாசலிலேயே இறக்கிவிடுகிறேன். மாதம் ஐயாயிரத்துக்கு மேல் இதில்தான் மிஞ்சுகிறது. உங்களுக்குச் சந்துக் கடைகள் இல்லை, மாட்டுத்தாவணியில் ஏற்றி அகலமான ரோட்டுக் கடைகளில் இறக்குவதுதான் வேலை என்றால், இந்த வரவு உங்கள் கணக்கில் வராது. அப்போது மாறுவதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

காப்பீட்டில் குறையும் என்று புரோக்கர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சரக்கு வண்டிகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டில் வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோ வரை ஒரே அடுக்குதான், 2022-இல் அறிவித்த கட்டணம் 16,049 ரூபாய், இரண்டு வண்டிகளும் அதற்குள்தான் வருகின்றன. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று விதியும் ஒன்றே, எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும். டயர் செலவு மட்டும் உண்மையிலேயே குறையும். அதிக எடை ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் சொல்கிறது. சின்ன வண்டியில்தான் அந்த எல்லையைத் தெரியாமல் தாண்டிவிடுகிறோம். இன்னொன்று, சரக்கோடு ஆண்டிப்பட்டிக் கணவாயோ, பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலையோ ஏற வேண்டிய தொழில் என்றால் மாறவே வேண்டாம். நான் ஒரு முறை சிறுமலைக்கு வாழைத்தார் எடுக்கப் போய், காலி வண்டியிலேயே இரண்டாம் கியரை விட்டு மாற முடியாமல் ஏறினேன்.

விற்கும்போது நான் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புரோக்கர் மூலம் பொலேரோவைக் கொடுத்தபோது, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பதினொரு மாதங்கள் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று என் பெயரிலேயே இருந்தது. வாங்கியவர் எங்கோ அதிக எடை ஏற்றியதற்கான அபராதம் என் கைப்பேசிக்கு வந்தது. விசாரித்தால் அந்த வண்டி அதற்குள் இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. உழைத்துச் சேர்த்த வண்டியை விற்றவன் அலைகிறான், கமிஷன் வாங்கியவர் போனை எடுப்பதில்லை. கடன் ரத்துக்கான படிவம் 35-ஐயும் பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் நீங்களே உடனிருந்து பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

உங்கள் தவணை முடிந்துவிட்டது, உங்களுக்கு அவசரம் இல்லை. எனக்குக் கிடைக்காத வசதி அது. ஒரு மாதம் நடைகளை எழுதுங்கள். பிறகு தெரிந்தவரிடம் ஒரு குட்டி யானையை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, உங்களுக்கு மிக அதிகமாகச் சரக்கு வரும் நாளும் அதில் அடங்கும்படி பார்த்து ஓட்டுங்கள். அன்று எவ்வளவு அடங்கியது, எவ்வளவு மீந்தது, எத்தனை மணிக்குக் கடைசிக் கடையில் இறக்கினீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், என் நோட்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.