அந்தரத்தில் அகப்பட்டவர்களுக்கு ஒரு சாண் சாக்பீஸ்

அன்புள்ள ஐயா,

24 அத்தியாயங்களில் ஒரு வேடிக்கைச் சாகசக் கதை எழுதிவருகிறேன். வட்டாட்சியர் அலுவலக உதவியாளர் சிவசாமி, பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய அக்காள் மகள் தாமரை, கோயில் தவில்காரர் முத்தையா ஆகிய மூவரும் 6ஆம் அத்தியாயத்தின் முடிவில் உலகங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கூடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு குட்டிச்சாத்தான் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறது. அது நினைத்த மாத்திரத்தில் எந்த உலகத்துக்கும் கதவு திறக்கும். கூடத்தில் காலம் இல்லை, பசி இல்லை. சுவர் பாடும், தூண் நடக்கும், இப்படிப் பதினைந்து அதிசயங்கள். முதல் 6 அத்தியாயங்களை ரசித்தவர்கள், 7 முதல் 18 வரை இழுவை என்கிறார்கள். ஒரு வில்லனைக் கொண்டுவரட்டுமா? நகைச்சுவையைக் கூட்டட்டுமா?

கே.

அன்புள்ள கே.,

வில்லன் வேண்டாம். நகைச்சுவையும் இருக்கிற அளவே போதும். உங்கள் கதையில் இல்லாதது கணக்கு. சோகக் கதையில் கணக்குப் பிசகினால் வாசகர் மன்னித்துவிடுவார், ஏனென்றால் அவர் மனம் வேறிடத்தில் இருக்கும். வேடிக்கைக் கதையில் அவர் விளையாட வந்திருக்கிறார். பந்து எத்தனை, கோடு எங்கே என்று தெரியாமல் விளையாட முடியாது.

குட்டிச்சாத்தானிலிருந்து தொடங்குகிறேன், அடைப்பு அங்கேதான். அது நினைத்தபோது கதவு திறக்குமென்றால், மூவரும் ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று 7ஆம் அத்தியாயத்திலேயே வாசகர் கேட்டுவிடுவார். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கையில் இருந்ததும் இப்படி எல்லாம் வல்ல ஒரு பொருள்தான். சிந்தாதேவி மதுரையில் கொடுத்த அமுதசுரபி அது, அள்ள அள்ளக் குறையாது. பஞ்சம் பட்ட சாவக நாட்டுக்குப் போகும் வழியில் மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மரக்கலம் இரவில் போய்விட்டது. தீவில் பாத்திரம் இருக்கிறது, வாங்கி உண்ண ஓர் ஆள் இல்லை. கடைசியில் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். காப்பியத்தை எழுதிய சாத்தனார் அந்தப் பாத்திரத்தின் சக்தியில் ஒரு துளியைக்கூடக் குறைக்கவில்லை. அது செல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான். உங்கள் குட்டிச்சாத்தானின் சக்தியும் அந்தக் கூடத்தில் முட்டி நிற்க வேண்டும்.

முட்டும் இடம் வாசகர் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ‘களைத்துவிட்டது’, ‘மந்திரம் வற்றிவிட்டது’ என்பவை எழுதுபவரின் வசதிக்கு நீளும், சுருங்கும். அதற்குப் பதில் ஒரு சாக்பீஸ் கொடுங்கள். நீளம் ஒரு சாண், அதாவது 12 விரற்கடை. சுவரில் கதவு வரைந்தால் திறக்கும். 6 அடி உயரம், 3 அடி அகலக் கதவுக்கு 2 விரற்கடை தேயும். ஆகவே 6 கதவுகள். வேறு சாக்பீஸ் எங்கும் கிடையாது.

இனிச் செலவு. முதல் 2 விரற்கடையை வீணாக்குங்கள், ஆனால் விபத்தால் அல்ல, குணத்தால். முதல் விடியலில் தாமரை பழக்க தோஷத்தில் வாசலென்று தோன்றிய இடத்தில் ஒரு கோலம் போட்டுவிடுகிறாள். யாரும் கெட்டவர் இல்லை, திட்டவும் முடியாது, ஒரு கதவு போயிற்று. மீதி 10. அடுத்த 12 அத்தியாயங்களில் தவறான உலகங்களுக்கு 4 கதவுகள், 8 விரற்கடை. ஊர் திரும்ப மிஞ்சுவது 2, சரியாக ஒரு கதவு. நான்கு உலகங்களுக்கும் மும்மூன்று அத்தியாயம் என்று பங்கு போடாதீர்கள்; மூன்றாவது கதவுக்குள் வாசகருக்குத் தாளம் பிடிபட்டுவிடும், அத்தோடு ஆவலும் போகும். 3, 3, 1, 5 என்று வையுங்கள். மூன்றாம் உலகத்தில் கால் வைத்ததும் திரும்பி ஓடிவரட்டும். நான்காவதில் நன்றாகச் சிக்கட்டும்.

காலம் இல்லை, பசி இல்லை என்பதை இன்றே அடித்துவிடுங்கள். காலம் இல்லாத இடத்தில் தாமதம் இல்லை, தாமதம் இல்லாவிட்டால் பதற்றம் இல்லை. அதற்காக இரு உலகங்களின் கால விகிதத்தை அளவுக்கு மீறி விரிக்கவும் வேண்டாம். மகளுக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரமலோகம் போன ககுத்மி என்ற அரசன் அங்கே சற்று நேரம் பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கடந்துவிட்டதாகப் பாகவதம் சொல்கிறது. அந்த அளவில் ஊரில் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். வேடிக்கைக் கதை அந்தத் துயரைத் தாங்காது. கூடத்தில் 1 நாள், ஊரில் 4 நாள் என்று வையுங்கள். சிவசாமிக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. ஜனவரியில் கதை தொடங்கினால் அத்தனையும் கைவசம் இருக்கும். கூடத்துக் கணக்கில் அது 3 நாள், 72 மணி நேரம். உங்கள் நடு அத்தியாயங்கள் 12. ஒன்றுக்கு 6 மணி நேரம். 19ஆம் அத்தியாயம் தொடங்கும்போது விடுப்பு தீர்ந்திருக்கும். அதன்பின் அவர் அங்கே கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இங்கே நான்கு மணி நேரம், அனுமதியில்லாமல் வேலைக்கு வராத கணக்கு. பூதத்துக்கு அஞ்சாத மனிதர் மெமோவுக்கு அஞ்சுவார். உங்களுக்கு வேண்டிய நகைச்சுவை இங்கே இருக்கிறது, தனியே துணுக்கு எழுத வேண்டியதில்லை.

அதிசயங்கள் பதினைந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். திரிசங்கு அந்தரத்தில் நின்றதை இத்தனை தலைமுறை மறக்காததற்குக் காரணம் அவன் தலைகீழாகத் தொங்கினான் என்பதுதான். உடலோடு சொர்க்கம் போன அந்த அரசனை இந்திரன் கீழே தள்ளினான், அனுப்பிவைத்த விசுவாமித்திரர் ‘நில்’ என்றார், தள்ளிய நிலையிலேயே நின்றுபோனான். உடம்புக்கு ஒரே ஒரு சங்கடம், அது மாறவே இல்லை. (தெற்கு வானின் சிலுவை வடிவ விண்மீன் கூட்டத்துக்குத் திரிசங்கு என்றே பெயர். மே மாதம் இரவு 9 மணி வாக்கில் கன்னியாகுமரியில் தெற்கே நோக்கினால், அடிவானத்துக்குச் சுமார் 20 பாகை மேலே நிற்கும். பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.) உங்கள் கூடத்தில் எதிரொலி முதலில் கேட்டுப் பேச்சு பிறகு கேட்கட்டும். அது ஒன்று போதும். தவில்காரர் இருக்கும் கதைக்கு அது பொருந்தியும் வரும்.

முத்தையாவை நீங்கள் இதுவரை பயன்படுத்தவே இல்லை. அதே மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன் என்ற வணிகனைத் தின்ன வந்தவர்களிடமிருந்து காப்பாற்றியது, அவன் அவர்கள் மொழியை அறிந்திருந்தது. அதுபோல முத்தையாவின் தொழில் கதையில் வேலை செய்ய வேண்டும். ஈரக் காற்று பட்டால் தவிலின் தோல் தளரும், விரலால் வாசிக்கும் வலப்பக்கமான வலந்தலையின் நாதம் இறங்கும். ஆகவே கதவுக்கு அப்பால் மழை உலகம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். நான்காவது கதவருகே, “சார், காத்துல தண்ணி இருக்கு, சாக்பீஸை மடிச்சு வையுங்க” என்கிறார். சிவசாமி, “நீ சும்மா வாப்பா” என்று அதைச் சட்டைப்பையிலேயே விட்டுவிடுகிறார். உள்ளே போனதும் நனைகிறது, ஒன்றரை விரற்கடை கரைகிறது.

உங்கள் வரைவில் இருவரும் முதல் பக்கத்திலிருந்தே அண்ணன் தம்பி மாதிரி பேசிக்கொள்கிறார்கள். அப்படி இருக்காது. அலுவலக நாற்காலியில் பழகியவர் தவில்காரரை ‘நீ’ என்பார். இவர் ‘சார்’ என்பார். சாக்பீஸ் கரைந்த பின் வரும் அத்தியாயத்தில் சிவசாமி வாயிலிருந்து முதன்முறையாக ‘நீங்க’ வரட்டும். இரண்டு அத்தியாயம் கழித்து முத்தையா ‘அண்ணே’ என்று கூப்பிடட்டும். யாரும் அதைக் கவனித்ததாக எழுதாதீர்கள், தாமரைகூட. ஒரு வரி விளக்கம் சேர்த்தாலும் கெட்டுவிடும். நட்பைச் சொல்ல நம் மொழியில் இந்த அழைப்புச் சொற்களைவிடக் கூர்மையான கருவி கிடையாது.

மிஞ்சியது அரை விரற்கடை. முழுக் கதவுக்கு வேண்டியதில் கால் பங்கு. ஆகவே கதவும் கால் அளவு: ஒன்றரை அடி உயரம், 9 அங்குல அகலம். ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்தால் தாமரை போய்விடுவாள், முத்தையா போய்விடுவார், சிவசாமியின் தொப்பையை இரண்டு பேர் இழுக்க வேண்டும். தவில் போகாது. நடுவில் பெருத்த பலாமரக் கட்டை, இருபுறமும் தடித்த வளையங்கள். நீங்கள் ஒரு தவிலை வளையத்தோடு சேர்த்து அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். மீண்டும் எந்த மந்திரத்தாலும் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். இலேசான கதையிலும் ஒரு இழப்பு திரும்பாததாக இருந்தால்தான் மற்றதெல்லாம் நிஜமாகும். வாசிக்கும்போது விரலில் மாட்டும் கூடுகளை மட்டும் அவர் மடியில் கட்டிக்கொண்டு வரலாம்.

குட்டிச்சாத்தானை என்ன செய்வது? 7ஆம் அத்தியாயத்தில் கூடத்துக் காவலர் ஒரு பதிவேட்டை நீட்டுகிறார். சுவரில் அறிவிப்பு: ‘பதிவேட்டில் பெயர் உள்ள எவரும் முத்திரைச் சீட்டு இல்லாமல் வெளியேறக் கூடாது.’ சீட்டுகள் மூன்று. பெயர் சொன்னால் அடிமையாகிவிடுவேன் என்று குட்டிச்சாத்தான் பெயர் சொல்ல மறுக்கிறது. அதைப் பெரிய கேலிக்கூத்தாக எழுதுங்கள், வாசகர் சிரித்து மறந்துவிட வேண்டும். 22ஆம் அத்தியாயத்தில் நாலாவது சீட்டுக்கு வழியில்லாமல் எல்லோரும் விழிக்கும்போது சிவசாமி அறிவிப்பை மறுபடி படிக்கிறார். பெயரே இல்லாததற்குச் சீட்டு எதற்கு? ஆயிரம் ஆண்டு அரியணையில் இருக்கலாம் என்று விக்கிரமாதித்தன் பெற்ற வரத்தை, அவனுடைய மந்திரி பட்டி ‘காடாறு மாதம் நாடாறு மாதம்’ என்று பிரித்து இரண்டாயிரம் ஆண்டு ஆட்சியாக்கினானே, அந்த வழி. விதியை மீறாமல் விதியின் சொல்லிலேயே வாசல் கண்டுபிடிப்பது. அதுவும் இருபது வருடம் கோப்பு பார்த்தவருக்கே உரிய திறமை.

இதற்கு எழுதும் வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். முதலில் 22ஐயும், தவில் நிற்கும் அத்தியாயத்தையும் எழுதி முடியுங்கள். ஒரு தாளில் அத்தியாய எண், மீதி சாக்பீஸ், கழிந்த மணி நேரம், யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று நான்கு நெடுவரிசை போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பிறகு 7க்கு வாருங்கள். அந்தப் பதிவேட்டில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றனவா என்று மறுபடி ஒருமுறை எண்ணிவிடுங்கள்.