கடைவதா, மாற்றுவதா: சங்கிலியை அடைவு வைக்குமுன் டிஸ்க்கை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். லீசிங்கில் எடுத்த கே.டி.எச். வான் ஓட்டுகிறேன். கிழமை நாட்களில் கிளிநொச்சிக்குப் பாடசாலைப் பிள்ளைகள், சனி ஞாயிறு ஹயர். இரண்டு மாதமாக, ஏ9 வீதியில் கொஞ்சம் வேகமாக வந்து பிரேக் பிடித்தால் பெடலும் ஸ்டியரிங்கும் உதறுகின்றன. ஒரு கராஜில், முன் பிரேக் டிஸ்க் இரண்டையும் லேத்தில் கடைந்து தரலாம், 6,000 ரூபா என்றார்கள். இன்னொருவர், கடைவது மினக்கேடு, புது டிஸ்க் சோடி 36,000, அதையே போடு என்கிறார். எதைச் செய்தாலும் புது பேட் 9,000, கூலி 4,000. கையில் 25,000 இருக்கிறது, ஆனால் அது அடுத்த லீசிங் தவணைக்கு வைத்த காசு. மனைவியின் சங்கிலியை அடைவு வைத்துப் புதிது போடவா, கடைந்து சமாளிக்கவா?

பதில்: தம்பி, சங்கிலி இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எல்லா விலையும் இருக்கிறது. டிஸ்க்கின் தடிப்பு மட்டும் இல்லை. டிஸ்க் என்பது சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டு, பிரேக் மிதித்தால் பேட் அதைத்தான் இரண்டு பக்கமும் பிடிக்கும். கடைவது என்றால் அந்தத் தட்டின் முகத்தை மெல்லிசாகச் சீவி மட்டமாக்குவது. இரண்டு கராஜும் அதை அளக்காமலே விலை சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அளக்காத வரை 6,000 மலிவா, 36,000 மலிவா என்று யாராலும் சொல்ல முடியாது.

டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ விளிம்பிலோ ஒரு குறைந்தபட்சத் தடிப்பு எண் அடித்திருக்கும். கறளைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் தெரியும். அதற்குக் கீழே போன டிஸ்க்கைப் பாவிக்கக் கூடாது. புதிதின் தடிப்புக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த 2 மில்லிமீட்டர்தான் நீங்கள் 36,000 கொடுத்து வாங்கும் முதல். மிச்ச இரும்பு அதைத் தாங்கிப் பிடிக்க மட்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். புதிது 25, குறைந்தபட்சம் 23 என்று வையுங்கள். உங்கள் டிஸ்க்கில் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். இப்போது 24.4 இருக்கிறது, லேத்தில் பக்கத்துக்கு 0.3 எடுக்கிறார்கள் என்றால் 23.8 வரும். இன்னும் 0.8 மிச்சம், அதாவது புதிதின் ஆயுளில் 40%. 14,400 ரூபா பெறுமதியை 6,000க்கு வாங்குகிறீர்கள். தயங்காமல் கடையலாம். இப்போதே 23.7 என்றால் கடைந்தபின் 23.1. மிஞ்சுவது 0.1, அதன் பெறுமதி 1,800. அதற்கு 6,000 கொடுத்து, சில மாதத்தில் திரும்பவும் கூலி 4,000 கொடுத்து, ஒரு நாள் ஓட்டத்தையும் இழப்பீர்கள். கடைந்த பிறகு அரை மில்லிமீட்டராவது மிஞ்சினால் கடையலாம், இல்லாவிட்டால் புதிது. நான் பிடிக்கும் கோடு இதுதான்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தேய்ந்த டிஸ்க்கின் வெளி ஓரத்தில் தேயாத ஒரு வரம்பு நிற்கும். சாதாரண வேர்னியர் அந்த வரம்பில் உட்கார்ந்துவிட்டால் தடிப்புக் கூடவாகக் காட்டும். மைக்ரோமீட்டரால், பேட் உரசும் இடத்தில், சுற்றிவர ஏழெட்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். இடத்துக்கிடம் அளவு மாறினால் உதறலின் காரணமும் அங்கேயே தெரிந்துவிடும். கணக்குக்கு ஆகக் குறைந்த அளவையே எடுங்கள்.

டிஸ்க் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தாலோ, ஓரம் வரை வெடிப்பு இருந்தாலோ காசுக் கணக்கே வேண்டாம், மாற்றுங்கள். மெல்லிய டிஸ்க் சூட்டைத் தாங்காது. நீங்கள் ஏற்றுவது ஊர்ப் பிள்ளைகளை. இரவில் வீதியில் மாடுகள் படுத்திருக்கும் ஊர் இது.

இரண்டாவது கராஜ்காரர் சொல்வதும் ஒருவகையில் புரிகிறது. இணையத்தில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்கள் எல்லாம் மாற்று என்றே சொல்லும். அங்கே கூலி அதிகம், டிஸ்க் மலிவு. இங்கே தலைகீழ். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 அளவுக்குப் போனபின் இறக்குமதிச் சாமான் விலை எங்கே ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் கணக்கில் லேத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. வன்னி மட்டமான நிலம், மலைப் பாதைபோல இறங்கும் வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டு வரத் தேவையில்லை. ஆனால் நுவரெலியாப் பக்கம் சுற்றுலா ஹயர் அடிக்கடி போவதென்றால் நான் புதிதின் பக்கம் சாய்வேன்.

இனி, கடைந்தாலும் மாற்றினாலும் காசு வீணாகும் ஒரு வழி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் காரின் டிஸ்க்கை ஒரு கராஜில் கடைந்தேன். நாலு மாதத்தில் அதே உதறல். கழற்றிப் பார்த்தால், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் கறள் அப்படியே கிடந்தது. சில்லு நட்டுகள் காற்றுத் துப்பாக்கியால் ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வாகப் பூட்டப்பட்டிருந்தன. டிஸ்க் ஒரு மயிரிழை சரிந்து உட்கார்ந்தாலே, சுற்றச் சுற்ற ஒரு பக்கம் கூடத் தேயும். இரண்டாம் முறையும் முழுச் செலவு செய்தேன். அதனால் கூலி 4,000 கொடுக்கும்போது ஹப் முகத்தைத் துலக்கச் சொல்லுங்கள், பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரின் பின்களைக் கழற்றிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள், நட்டுகளை எதிரெதிராக ஒரே அளவில் இறுக்கச் சொல்லுங்கள். எங்கள் கிரவல் வீதித் தூசியும் மாரிச் சேறும் அந்தப் பின்களை இறுக வைத்துவிடும். பக்கத்தில் நின்று பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

யப்பானில் இருந்து வரும் பாவித்த டிஸ்க் வாங்குவதென்றால், கடையிலேயே அளந்து அதே கணக்கைப் போடுங்கள்.

சரி, காசு எங்கிருந்து? கடைவதென்றால் மொத்தம் 19,000. தவணைத் திகதிக்கு இரண்டு மூன்று கிழமை இருந்து, அதற்குள் ஹயர் காசு வரும் என்றால் அந்த 25,000இல் எடுங்கள். திகதி கிட்டவென்றால் தொடாதீர்கள். தவணை தவறினால் தண்ட வட்டி, நீண்டால் வானே போய்விடும். புதிது என்றால் 49,000. அப்போது சங்கிலியை எடுக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் வங்கியில் வையுங்கள், குறைகிற தொகைக்கு மட்டும். உதாரணத்துக்கு 30,000 எடுத்து, வட்டி வருடத்துக்கு 18% என்றால் மூன்று மாதத்துக்கு 1,350 ரூபா. மீட்கும் திகதியை மனைவியோடு பேசி எழுதி வையுங்கள், சங்கிலி அவருடையது. நுண்கடன் பக்கம் போக வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனும் மாதத் தவணையும் ஒரு வானின் மேல் ஏறினால் வீடு தாங்காது.

அப்புறம், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 ரூபா தனியாக வையுங்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 2,500. 20 மாதத்தில் புது டிஸ்க், பேட், கூலி எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

அளக்கும் வரை மெதுவாக ஓட்டுங்கள், வற்றாப்பளைப் பொங்கலோ மடு மாதா கோவிலோ, தூர ஹயர் எதையும் ஏற்க வேண்டாம். இந்தக் கிழமைக்குள் அளந்து, டிஸ்க்கில் அடித்த எண்ணையும் ஆகக் குறைந்த அளவையும் எழுதி அனுப்புங்கள். லீசிங் தவணைத் திகதியையும் சேர்த்து எழுதுங்கள்.