கார்டில் பணம் இருந்தும் சில்லறை கேட்கிறார்களே?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்கு வேலை போய்விட்டது. இங்கே பிறந்த எங்கள் இரண்டு பிள்ளைகள் பேரில் ஃபுட் ஸ்டாம்ப் கிடைத்து, போன வாரம் அந்தப் பணம் ஏறும் இ.பி.டி. கார்டு வந்தது. கார்டில் வாங்கும்போது தள்ளுபடிக் கூப்பனும் கொடுக்கலாமா? வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நாம் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்று சொன்னாலும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உணவு வாங்க அமெரிக்க அரசு பணம் தரும் இந்தத் திட்டத்தின் பெயர் 2008 முதல் ஸ்நாப். கார்டு வைத்திருப்பவரையும் காசு கொடுப்பவரையும் கடை ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. மற்றவர்களிடம் வாங்கும் கூப்பனை உங்களிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதேபோல அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் கார்டுக்காரர்களுக்கென்று தனியாகத் தள்ளுபடி கொடுக்கவும் முடியாது. 2025 அக்டோபரில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசு முடங்கி, நவம்பரில் கார்டில் பணம் ஏறாமல் பலர் தவித்தபோது சில கடைகள் அப்படி உதவ முன்வந்தன. ஸ்நாப்பை நடத்தும் வேளாண் துறை உடனே இந்த விதியை எடுத்துச் சொல்லிக் கடைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அந்த நேரத்தில் அது தேவைதானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கூப்பன் விஷயத்தில் உங்களுக்குத் துணையாக இருப்பதும் அதே விதிதான்.

கூச்சப்பட ஒன்றுமில்லை. டெபிட் கார்டு போலத் தேய்த்து, பின் நம்பர் அடிக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். பின்னால் நிற்பவர் தன்னுடைய கூப்பனைப் போனில் தேடிக்கொண்டிருப்பார்.

கணக்கு இப்படிப் போகும். சீரியல் 5.49 டாலர், கூப்பன் 1.50 என்றால் கார்டிலிருந்து 3.99 மட்டும் கழியும். மிச்சம் கார்டிலேயே கிடக்கும், அடுத்த மாதப் பணத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒன்பது மாதம் கார்டைத் தொடாமல் விட்டால்தான் பழைய பணத்தை எடுத்துக்கொள்வார்கள். அதனால் மாதக் கடைசியில் ‘போய்விடுமே’ என்று எதையாவது அள்ளிப் போட வேண்டாம்.

சரி, இதனால் எவ்வளவு மிஞ்சும்? அதே அலமாரியில், அதே 12 அவுன்ஸ் சீரியல், கடையின் சொந்தப் பிராண்டில் 2.29 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பன் போட்ட பெட்டி அவுன்ஸுக்கு 33 சென்ட், இது 19 சென்ட். விலைச் சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இந்த அவுன்ஸ் விலை இருக்கும். கூப்பனை எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். கூப்பன் அடிப்பது பெரிய கம்பெனிகள். சீரியல், சிப்ஸ், சாஸ், உறைய வைத்த பீட்சா என்றுதான் வரும். துவரம்பருப்புக்கும் வெங்காயத்துக்கும் யார் கூப்பன் அடிக்கிறார்கள்? நம் சமையலுக்கு நேரடியாக உதவுவது தயிர், பால், முட்டை, வெண்ணெய், எண்ணெய் இவற்றுக்கு எப்போதாவது வருபவைதான்.

என்னைக் கேட்டால், சோற்றுக்குத் தேடுவதைவிட சோப்புக்குக் கூப்பன் தேடுங்கள். சோப்பு, சலவைத்தூள், டயப்பர், டாய்லெட் பேப்பர், வைட்டமின் மாத்திரை எதையும் இந்தக் கார்டில் வாங்க முடியாது. எல்லாம் கைக்காசு. இவற்றுக்குத்தான் கம்பெனிகள் இரண்டு டாலர், மூன்று டாலர் என்று தாராளமாகக் கூப்பன் விடுகின்றன. உங்கள் வீட்டில் இப்போது இறுக்கமாக இருப்பதும் அந்தக் கைக்காசுதானே?

இன்னொன்று. ‘30 டாலருக்கு வாங்கினால் 5 டாலர் தள்ளுபடி’ என்கிற மாதிரி மொத்த பில்லுக்கான கூப்பன் இருந்தால், உணவையும் சோப்பையும் ஒரே பில்லில் போடாதீர்கள். அந்த 5 டாலரை மெஷின் எதில் கழிக்கும் என்பது நம் கையில் இல்லை. பெல்ட்டில் நடுவே தடுப்புக் கட்டையை வைத்து, இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். எந்தப் பில்லில் உங்களுக்கு லாபமோ அதில் கூப்பனைக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் மளிகைக்கும் வரி உண்டு. கார்டில் நிறையப் பணம் இருந்தும், மூன்று டாலர் கூப்பன் கொடுத்ததற்கு கேஷியர் இருபது சென்ட் சில்லறை கேட்டார். ஸ்நாப்பில் வாங்கினால் வரி கிடையாது என்றார்களே, ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை அம்மா, கேஷியர் பேரில் தப்பில்லை. கார்டில் கழியும் தொகைக்கு எந்த மாநிலமும் வரி போட முடியாது. ஆனால் கம்பெனிக் கூப்பன் என்பது கடைக்கு வந்து சேர வேண்டிய பணம். நீங்கள் கொடுத்த கூப்பனுக்கு உண்டான மூன்று டாலரைக் கம்பெனி பிறகு கடைக்குக் கொடுத்துவிடும். அந்த மூன்று டாலர் ஸ்நாப் பணம் இல்லை என்பதால், உணவுக்கு வரி உள்ள இடங்களில் அதற்கு மட்டும் வரி கேட்கலாம். அந்த வரியைக் கார்டில் கழிக்கவும் முடியாது, அதனால்தான் சில்லறை. கடை தானே கொடுக்கும் தள்ளுபடி பொதுவாக விலையையே குறைத்துவிடுவதால் அதில் இந்தத் தொல்லை வராது. கூப்பனோடு போகும்போது பர்ஸில் இரண்டு டாலர் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல தள்ளுபடியெல்லாம் ஆப்பில்தான் வருகிறது. என் மாமியாரிடம் சாதாரண போன்தான் இருக்கிறது.

பதில்: பல கடைகளில் உறுப்பினர் கணக்குக்குப் போன் நம்பர் போதும். அவர் நம்பரில் நீங்களே ஒரு கணக்குத் தொடங்கி, வீட்டில் உட்கார்ந்து கூப்பன்களைச் சேர்த்துவிடுங்கள். பில் போடும்போது அவர் நம்பரை மட்டும் அடித்தால் போதும். வீட்டுக்கே வரவழைப்பதானால் பொருளுக்குத்தான் கார்டு செல்லும், டெலிவரி கட்டணம் கைக்காசுதான்.

கேள்வி: காய்கறிக்குக் கூப்பனே இல்லை என்று சொல்லிவிட்டால் எப்படி?

பதில்: கூப்பனைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, நம்மவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. உழவர் சந்தைகள் பலவற்றில் ஸ்நாப் கார்டு செல்லும். 2009-இல் டெட்ராய்ட்டில் ‘டபுள் அப் ஃபுட் பக்ஸ்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. கார்டில் பத்து டாலருக்கு வாங்கினால், காய்கறி பழம் வாங்க இன்னொரு பத்து டாலர் இலவசமாகக் கிடைக்கும். இப்போது அது பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. கலிஃபோர்னியாவில் ‘மார்க்கெட் மேட்ச்’, நியூயார்க் நகரில் ‘ஹெல்த் பக்ஸ்’ என்று வேறு பெயர்களிலும் இதே மாதிரித் திட்டங்கள் உண்டு.

சந்தைக்குள் போனதும் நேராகக் கத்திரிக்காய்க் கடைக்குப் போய்விடாதீர்கள். முதலில் தகவல் மேசைக்குப் போங்கள். அங்கேதான் கார்டைத் தேய்த்து, அந்தத் தொகைக்கு டோக்கன் கொடுப்பார்கள், கூடவே இலவசப் பங்கும் கிடைக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டு கணக்காக வாங்குங்கள்.

அப்புறம், சாப்பிடும் காய் காய்க்கிற விதையையும் நாற்றையும் இந்தக் கார்டில் வாங்கலாம். வசந்த காலத்தில் தக்காளி, மிளகாய் நாற்று நான்கு வாங்கிப் பால்கனியில் வைத்தால் கோடை முழுக்க ரசத்துக்கு ஆகும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பெரிய கடை ஒன்றின் பேரில் 100 டாலர் கூப்பன் வந்தது. பத்து பேருக்கு அனுப்பிவிட்டு இ.பி.டி. நம்பரைப் பதிய வேண்டுமாம். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கூப்பன் தர யாருக்கும் உங்கள் கார்டு நம்பரோ பின் நம்பரோ தேவையில்லை. திருட்டுப்போன ஸ்நாப் பணத்தை மத்திய அரசின் நிதியிலிருந்து ஈடுகட்டும் ஏற்பாடு 2024 டிசம்பர் 20-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஏற்கெனவே பதிந்துவிட்டிருந்தால், கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு இப்போதே கூப்பிட்டு அதை முடக்கச் சொல்லிப் புதுக் கார்டு கேளுங்கள். அந்தப் பத்து பேரிடமும் சொல்லிவிடுங்கள்.