நாய் உடம்பில் கட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒன்பது வயது ராஜபாளையம் நாய்க்கு விலாவில் எலுமிச்சம்பழம் அளவில் மெத்தென்று கட்டி. வலி இல்லை. டாக்டரிடம் கொண்டுபோனதும் அறுத்துவிடுவார்களா? (காரைக்குடி)

இல்லை. எப்போது கண்ணில் பட்டது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று முதலில் கேட்பார்கள். பிறகு கட்டியை அளந்து, தோலோடு நகர்கிறதா, அடிச்சதையில் ஒட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள். தாடைக்குக் கீழும் தோளுக்கு முன்னும் பின்கால் முட்டிக்குப் பின்னும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவார்கள்.

மெத்தென்று நகரும் கட்டி பெரும்பாலும் கொழுப்புக்கட்டிதான். ஆனால் 'மாஸ்ட் செல்' என்ற தோல் புற்றும் சில சமயம் அச்சாக அப்படியே இருக்கும். எவ்வளவு பழகிய கைக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. "கொழுப்புதான், விடுங்க" என்று தொட்டுப் பார்த்துவிட்டு மட்டும் சொன்னால், ஊசிப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஒரு மாதமாகியும் மறையாவிட்டாலோ கட்டாயம் செய்ய வேண்டும்.

தடுப்பூசிக்குப் பயன்படும் 22, 23 கேஜ் ஊசியே போதும். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். கட்டிக்குள் குத்தி, திசை மாற்றி மாற்றி உறிஞ்சி, வந்ததை ஸ்லைடில் பரப்பிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஸ்லைடு காயாமல் எண்ணெய்போல மினுங்கினால் கொழுப்புக்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். செல் போதவில்லை என்றால் மறுபடி குத்துவார்கள். சில கட்டிகள் செல்லை எளிதில் விடாது; அதற்குத் துண்டு எடுத்து பயாப்ஸிதான்.

முடி அடர்ந்த நாய் என்றால், கிளம்பும்முன் கட்டியின் மேல் முடியைக் கொஞ்சம் கத்தரித்து அடையாளம் வையுங்கள். மேஜையில் ஏற்றியதும் சின்னக் கட்டி கைக்கு அகப்படாமல் போவது உண்டு.

சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடலாமா என்று ஆச்சி கேட்கிறார். (கானாடுகாத்தான்)

வேண்டாம். தோல் வெந்து புண்ணாகும், நாய் நக்கும். அழுத்திப் பிதுக்கவும் கூடாது: மாஸ்ட் செல் கட்டியைக் கசக்கினால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியாகி அந்த இடமே சிவந்து வீங்கும். ஒருநாள் பெரிதாகவும் மறுநாள் சிறிதாகவும் தெரியும் கட்டி என்றால், அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கருத்தடை செய்யாத ஏழு வயதுப் பெண் நாய். மடிக்காம்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக் கட்டி. பொறுத்துப் பார்க்கலாமா? (தேவகோட்டை)

பொறுக்கவே கூடாது. பெண் நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுதான். பட்டாணி அளவில் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்று, 3 செ.மீ. தாண்டினால் குறையும். டாக்டர் எல்லாக் காம்புகளையும் அக்குள், தொடையிடுக்கையும் தடவுவார். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார். இங்கே ஊசிப் பரிசோதனை மட்டும் தீர்ப்புச் சொல்லாது. கட்டியை எடுத்து, அதைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஐஸில் உறைய வைத்தால் திசு கெட்டு, அறிக்கையே வராது. உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

தெருவில் சோறு வைக்கும் ஆண் நாய்க்குக் குறியில் பூக்கோசு போல் சதை, ரத்தம் சொட்டுகிறது. (பள்ளத்தூர்)

இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் டி.வி.டி. (TVT) என்ற புற்றுக்கட்டியாக இருக்கலாம், மனிதருக்கு ஒட்டாது. ஸ்லைடில் உறுதியானால் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் (புற்றுநோய் மருந்து) ஊசி. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் கரைந்துவிடும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை அழுகும், ஆகவே நாயை அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்கு அதன் மூத்திரம், மலத்தைக் கையுறை போட்டே அள்ளுங்கள்.