தோட்டத்தை அடமானம் வைக்காமல் சான் ஹோசேவில் படிப்பது எப்படி?

அம்மிணி, நீங்கள் எழுதியதில் நான் புரிந்துகொண்டது இது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பல வருஷம் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பி.காம். முடித்திருக்கிறீர்கள். தை பிறந்ததும், கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் கணவரோடு சான் ஹோசே வருகிறீர்கள். வேலைக்கு அனுமதி கிடையாது, வீட்டில் சும்மா உட்காரவும் பிடிக்கவில்லை. மாமனார் காங்கேயத்துத் தோட்டத்தை அடமானம் வைத்து எம்.எஸ். படிக்க வைக்கிறேன் என்கிறார். சேரலாமா என்பது கேள்வி. அத்தை ஊரிலிருந்து வந்தால் அவரும் ஏதாவது வகுப்புக்குப் போகலாமா என்பது கடைசியில் கேட்ட துணைக் கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாமனாருக்குப் பெரிய மனசுதான். ஆனாலும் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். முதல் ஒன்றரை வருஷத்தை சிட்டி காலேஜில், அதாவது அரசு நடத்தும் கம்யூனிட்டி காலேஜில் போடுங்கள். எம்.எஸ். வேண்டுமா என்பதை அதற்கப்புறம் நீங்களே முடிவு செய்வீர்கள்.

நம் பக்கம் காலேஜ் என்றால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பஸ் ஏறிப் போகிற இடம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர் போனால் கோபியிலும் சரி, அவினாசியிலும் சரி, நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே யாரும் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் அரசு நடத்தும் கம்யூனிட்டி காலேஜ்கள் 116 இருக்கின்றன. 18 வயது ஆகியிருந்தால் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது 1921-இல் தொடங்கிய சான் ஹோசே சிட்டி காலேஜ். அதே நிர்வாகத்தின் கீழ் எவர்கிரீன் வேலி காலேஜும் இருக்கிறது. குப்பர்டினோவில் டி ஆன்சா, ஃப்ரீமான்ட்டில் ஓலோனி. எச்-4 விசாவில் இருப்பவர் படிப்பதற்காக மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியதில்லை. ஒரு பாடம் எடுத்தாலும் நாலு பாடம் எடுத்தாலும் சட்டம் கேட்காது. எஃப்-1க்கு மாறினால்தான் முழுநேரம் படித்தே ஆக வேண்டும், வெளிநாட்டு மாணவர் கட்டணமும் கட்ட வேண்டும். அது உங்களுக்குத் தேவையில்லாத வேலை.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பலருக்குப் பணம் போவது இங்கேதான். ஒரே காலேஜுக்குள் மூன்று வகைப் படிப்பு ஓடுகிறது. முதலாவது கிரெடிட் வகுப்பு. இதில் மதிப்பெண் உண்டு, பட்டத்துக்குக் கணக்கில் சேரும். இரண்டாவது நான்-கிரெடிட். ஆங்கிலப் பேச்சு, கம்ப்யூட்டர், அலுவலகப் பயிற்சி மாதிரி வகுப்புகள் இதில் வரும். கல்விக் கட்டணம் ஒரு பைசா இல்லை. பெரும்பாலும் பருவத்தின் நடுவில்கூடப் போய்ச் சேரலாம். சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் இந்த வகைக்குப் பேர்போனது, ஆனால் உங்களுக்கு அது தூரம். மூன்றாவது, காலேஜின் பெயரிலேயே நடக்கும் கட்டண வகுப்புகள். இவற்றுக்கு அரசு பணம் தருவதில்லை, நீங்கள் கட்டுவதில்தான் நடக்கும். சனிக்கிழமை மண்பாண்டம், நடனம் என்று நல்ல வகுப்புகள் இருக்கும். ‘ஆறே வாரத்தில் புக்கீப்பிங் சான்றிதழ்’ என்று நூற்றுக்கணக்கான டாலர் கேட்பதும் இருக்கும். அந்தச் சான்றிதழ் எந்தப் பட்டத்திலும் சேராது. அதே பாடம் கிரெடிட்டாகப் பக்கத்து அறையில் நடந்துகொண்டிருக்கலாம். வகுப்பு அட்டவணையில் யூனிட், அதாவது பாடத்தின் அளவு, என்ற இடத்தைப் பாருங்கள்: 3 என்றிருந்தால் கிரெடிட், சைபர் என்றிருந்து கட்டணமும் இல்லையென்றால் நான்-கிரெடிட், யூனிட்டே போடாமல் டாலர் மட்டும் போட்டிருந்தால் மூன்றாவது வகை. உயர்நிலைப் பள்ளி மாவட்டங்கள் நடத்தும் அடல்ட் ஸ்கூல்களும் தனியாக உண்டு. வந்த புதிதில் ஆங்கிலம் பேசிப் பழக அவையே போதும்.

கிரெடிட் வகுப்புக்கு மாநிலவாசி கட்டுவது யூனிட்டுக்கு 46 டாலர். ஆக, 3 யூனிட் பாடம் ஒன்றுக்கு 138 டாலர், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். டி ஆன்சா மாதிரி குவார்ட்டர் முறைக் காலேஜில் யூனிட்டுக்கு 31. மாநிலவாசி இல்லையென்றால் இதோடு யூனிட்டுக்கு முந்நூறு டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் சேரும். மாநிலவாசி ஆக, பருவம் தொடங்கும்போது கலிஃபோர்னியாவில் ஒரு வருஷமும் ஒரு நாளும் குடியிருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்துக்குக் காகிதமும் காட்ட வேண்டும். எச்-4 இதற்குத் தடையில்லை. தடையாவது காகிதம். கணவர் பெயரில் எல்லாம் இருக்கும், மனைவி பெயரில் ஒன்றும் இருக்காது. அதனால் வந்திறங்கிய மாதமே வீட்டு லீஸில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்காக இருக்கட்டும். டிரைவிங் லைசென்ஸ் எடுங்கள், வண்டி ஓட்டாவிட்டாலும் மாநில அடையாள அட்டையாவது எடுங்கள். வருமான வரியைச் சேர்ந்து தாக்கல் செய்யுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையே என்று பயப்பட வேண்டாம். காலேஜ் விண்ணப்பத்தில் அது இல்லை என்று குறித்துவிட்டு மேலே போகலாம். முதல் வருஷம் நான்-கிரெடிட்டில் ஓடட்டும், இரண்டாம் வருஷம் 46 டாலர் விலையில் கிரெடிட்டுக்கு வாருங்கள்.

கணக்குப் பாடம் எனக்குத் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். பற்று வரவு தெரியும், டேலி மென்பொருள் தண்ணீர் பட்ட பாடு, எல்லாம் சரி. ஆனால் சரக்குக் கையிருப்பை மதிப்பிடுவதில், கடைசியில் வந்த சரக்கு முதலில் விற்றதாக எடுக்கும் லைஃபோ முறையை இந்தியக் கணக்கியல் தரம் ஒப்புக்கொள்வதில்லை, அமெரிக்கா ஒப்புக்கொள்கிறது. நூல் விலை ஏறிக்கொண்டே போகிற வருஷத்தில் லாபமும் வரியும் இதனால் எவ்வளவு மாறும் என்பது பனியன் கம்பெனிக் கணக்குப் பார்த்த உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். சம்பளப் பட்டியலும் வேறு மாதிரி. யாருக்கு டபிள்யூ-2 (சம்பள ஊழியருக்கான வரிப் படிவம்), யாருக்கு 1099 (ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கானது) என்பதைத் தப்பாகப் போட்டால் முதலாளிக்கு அபராதம். நான் எடுத்த சாயந்திர வகுப்பில் பக்கத்து நாற்காலி ஒரு வியட்நாம் அம்மாவுடையது. ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் கடை வைத்திருந்தார். ரசீதுகளை ஷூ டப்பாவில் போட்டு வகுப்புக்கே கொண்டுவருவார். இடைவேளையில் இரண்டு பேரும் அவற்றைப் பிரித்து அடுக்குவோம். விற்பனை வரி எனக்குப் புரிந்தது பாடப் புத்தகத்தைவிட அந்த டப்பாவால்தான். புத்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது: புத்தக விலை சில சமயம் பாடக் கட்டணத்தையே தாண்டும். அட்டவணையில் புத்தகச் செலவு சைபர் என்று குறித்த வகுப்புகளாகத் தேடி எடுங்கள்.

இடம் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் பேரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். பதிவு செய்துவிட்டு முதல் நாள் வராதவர்களை வாத்தியார் நீக்கிவிடுவார். அந்த இடத்துக்கு உங்களுக்கு ஒரு ஆட் கோடு தருவார், அதைப் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். நீங்களும் பதிவு செய்துவிட்டு ‘ஒரம்பரை வந்துட்டாங்க’ என்று விருந்தாளிகளைச் சாக்குச் சொல்லி முதல் நாள் போகாமல் இருந்துவிடாதீர்கள். பாதியில் விடுவதானால் பணம் திரும்பும் கெடுவுக்குள் விடுங்கள்.

வேலை விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். காலேஜுக்குள்ளேயே மாணவர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் தரும் வேலைகள் இருக்கும், சக மாணவர்கள் கூப்பிடுவார்கள். எச்-4இல் அது கூடாது. கணவரின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால், 2015-இல் வந்த விதிப்படி உங்களுக்கு வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை கைக்கு வந்த பிறகு எல்லாம் செய்யலாம். திருப்பூர் கம்பெனிக்கே இங்கிருந்து கணக்குப் பார்த்துத் தருகிறேன், சம்பளம் ஊர்க் கணக்கில் விழட்டும் என்ற யோசனையும் உங்கள் கடிதத்தில் இருந்தது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

எம்.எஸ். பற்றி இரண்டு வார்த்தை. நம்முடைய மூன்று வருஷ பி.காம்.-ஐ இங்கத்திய நாலு வருஷப் பட்டத்துக்குச் சமமாகப் பல இடங்களில் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். இந்தப் பக்கத்திலேயே பிளசன்டனில் ட்ரை-வேலி யுனிவர்சிட்டி என்று ஒன்று இருந்தது. 2011-இல் அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டு மூடிவிட்டார்கள். நடுத்தெருவில் நின்றது பெரும்பாலும் இந்தியப் பிள்ளைகள். நம் ஊர் சி.ஏ. மாதிரி இங்கே உரிமம் பெற்ற கணக்காளரான சி.பி.ஏ. ஆகும் ஆசை இருந்தால் வழி வேறு: கலிஃபோர்னியா கணக்கியல் வாரியம் ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டு நிறுவனத்துக்கு மதிப்பெண் பட்டியலை அனுப்புங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை யூனிட் குறைகிறது என்று அறிக்கை வரும். அந்தக் குறையில் பெரும்பகுதியை சிட்டி காலேஜிலேயே நிரப்பிக்கொள்ளலாம். இதற்காக, கிளம்பும் முன் மருதமலை ரோட்டுக்கு நேரில் போய், பல்கலைக்கழகம் உறைபோட்டு முத்திரை வைத்த மதிப்பெண் பட்டியல் இரண்டு மூன்று செட் வாங்கி வையுங்கள். இங்கிருந்துகொண்டு வாங்குவது பெரும்பாடு.

அத்தை விஷயம். அவர் வருவது சுற்றிப் பார்க்க வருபவருக்கான பி-2 விசாவில் என்றால், பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ போகும் படிப்பில் சேர முடியாது. பொழுதுபோக்காகக் கொஞ்ச நாள் நடக்கும் வகுப்பு பரவாயில்லை. மேலே சொன்ன மூன்றாவது வகையில் ஓவியமோ பூ அலங்காரமோ பார்த்துச் சேர்த்துவிடுங்கள். நூலகங்களில் இலவசமாக ஆங்கிலம் பேசிப் பழகும் குழுக்கள் உண்டு, அங்கேயும் போய் உட்காரலாம்.