வாசகர் கேள்வி: தனுஷ்கோடி

கேள்வி: இருபுறமும் கடல் சூழ்ந்த தனுஷ்கோடி மணல்முனையில் நல்ல தண்ணீர் கிடைக்கிறதாமே? புயலுக்குப் பின் ஊரை ஏன் மீண்டும் கட்டவில்லை?
– வாசகி, விருதுநகர்

பதில்: கிடைக்கிறது, நானே குடித்திருக்கிறேன். அங்குள்ள ஓர் அம்மா மணலைக் கையால் அள்ளிக் குழி பறித்தார். முழங்கை ஆழத்தில் நீர் கசிந்தது. தெளியவிட்டு, சிரட்டையில் மொண்டு கொடுத்தார். உப்பே இல்லை! ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புநீர்தான் வரும்.

1914 முதல் இங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம் என ஊர் செழித்திருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அலை ஊரையும், பயணிகளோடு வந்த ரயிலையும் விழுங்கியது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தாழ்வான, குறுகிய மணல்மேட்டில் அலை ஏறினால் ஒதுங்க இடமில்லை. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அங்கேயே வாழும் மீனவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாததற்கு அது சாக்காகக் கூடாது.

தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா சீறும்; வடகிழக்குக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். ஆடிக் காற்றில் மணல் முகத்தில் அறையும். தை பிறந்தபின் போங்கள். மணல்முனையின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. கடலில் மட்டும் இறங்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது.