ஆடிச் சாரலுக்கும் தைப் பனிக்கும் ஒரே பையா?

கேள்வி: ஜூலையில் மூணாறு பக்கமும், ஜனவரியில் மீசப்புலிமலைக்கும் நடக்கப் போகிறோம். ஒரே உடுப்பு போதுமா? (வாசகி, போடி)

பதில்: போதாதும்மா. போடியில் வெயில் அடிக்கிறதே என்று கிளம்பாதீர்கள். உங்கள் ஊர் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை எங்கள் மூணாறு பக்கச் சரிவில்தான் கொட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், மறுநாளும் காயாது. பாலியஸ்டர் பேன்ட் போடுங்கள். குடை காற்றுக்கு நிற்காது, ரெயின்கோட்தான். மாற்றுத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டு முதுகுப்பையில் வையுங்கள். பெரிய தொல்லை, ரத்தம் உறிஞ்சும் அட்டை. பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகி, அதன்மேல் முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ் மாட்டுங்கள். கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும்.

ஜனவரியில் மழை பெரும்பாலும் இருக்காது. ஆனால் உச்சி 2,640 மீட்டர். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது அங்கே வெறும் பேச்சில்லை. மெல்லிய பனியன், ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற கதகதப்பான மேலுடை, காற்று புகாத ஜாக்கெட் என மூன்றாகக் கொண்டுபோங்கள். ஏறும்போது வேர்க்கும், கழற்றுங்கள், நின்றதும் மாட்டுங்கள். ஒரே தடி ஸ்வெட்டரோடு வருகிறவர்கள்தான் வேர்வையில் நனைந்து உச்சியில் நடுங்குவார்கள். மங்கி குல்லாவுக்கு வெட்கப்படாதீர்கள், நானே போடுகிறேன். அப்புறம், மலையேற அனுமதி வேண்டும். முன்பதிவு செய்த பிறகு பையைக் கட்டுங்கள்.